பயிற்சிப் பணம் எதை எண்ணி வருகிறது?

ஆண்டுதோறும் அக்டோபரில் மலேசிய வரவு செலவுத் திட்டம் படிக்கப்பட்ட மறுநாள் நாளிதழ்களில் ஒரு பெரிய எண் வரும். 2024ஆம் ஆண்டுக்கு திவெட் எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்பயிற்சிக் கல்விக்கு 680 கோடி ரிங்கிட். 2025க்கு 750 கோடி. அதைப் படித்ததும், "இதில் நம்ம பிள்ளைக்கு எவ்வளவு வரும்?" என்று பெற்றோர் கேட்பார்கள். பினாங்கின் பிறையில் பட்டறை வைத்திருப்பவர், "நம்ம ஆளுங்களைக் கோர்ஸுக்கு அனுப்ப இதிலிருந்து கிடைக்குமா?" என்று கேட்பார். இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஆனால் அந்த 750 கோடியைத் தலைக்கு இவ்வளவு என்று யாரும் பங்கு போடுவதில்லை. பட்டறைக்காரருக்குக் கிடைக்கக்கூடிய பணம் அந்தத் தொகையிலேயே இல்லை, அது வேறு பையிலிருந்து வருகிறது.

பினாங்கில் தொழிற்பயிற்சிக்கு வரும் பணம் பல வழியாக வருகிறது. ஒவ்வொரு வழியிலும் ஒவ்வொன்றை எண்ணுகிறார்கள். அரசாங்க நிலையங்களுக்குப் போகும் பணம் ஆசிரியர் பணியிடங்களையும் பட்டறைகளையும் எண்ணிப் போகிறது. முதலாளிகள் வழியாக வருவது சம்பளத்தை எண்ணி வருகிறது. தனியார் நிலையத்துக்குக் கடனாகப் போவது பயிற்சி பெறுபவரையும் சான்றிதழ் நிலையையும் எண்ணிப் போகிறது. எதை எண்ணுகிறார்கள் என்று தெரியாமல் முகப்பில் போய் நின்றால், தவறான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

அரசாங்க நிலையத்தில் இடம்தான் பணம்

பத்து லஞ்சாங் தொழிற்கல்லூரி, நிபோங் திபால் தொழிற்கல்லூரி, செபராங் பிறை பாலிடெக்னிக், மக்கள் இன்றும் ஐஎல்பி என்றே சொல்லும் கெப்பாளா பத்தாஸ் பயிற்சி நிலையம் என இவையெல்லாம் ஒரே அமைச்சின் கீழ் இல்லை. முதலிரண்டும் கல்வி அமைச்சு, பாலிடெக்னிக் உயர்கல்வி அமைச்சு, ஐஎல்பி மனிதவள அமைச்சு. கியாட்மாரா போன்றவை கிராமப்புற வளர்ச்சியைப் பார்க்கும் அமைச்சின் கீழ் வருகின்றன. செய்தியில் வரும் பெரிய எண் முதலில் இந்த அமைச்சுகளுக்கு இடையே பிரியும். அதன் பிறகுதான் நிலையங்களுக்குப் போகும்.

நிலையத்துக்குப் போகும் பணத்திலும் இரண்டு பெட்டி உண்டு. ஒன்று அன்றாடச் செலவு. இதில் 10000 என்ற கணக்குத் தலைப்பில் சம்பளம், 20000இல் மின்சாரம், பொருள், சேவை, 30000இல் சொத்து, 40000இல் மானியம். இரண்டாவது பெட்டி மேம்பாட்டுச் செலவு. ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பட்டறைக்கும் தனித் திட்டமாக ஒப்புதல் வாங்கி வருவது இது. அன்றாடப் பெட்டியில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போகும். எத்தனை பயிற்றுநர் பணியிடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்து அது நிற்கும். வகுப்பில் 25 பேர் இருந்தாலும் 14 பேர் இருந்தாலும் வெல்டிங் ஆசிரியரின் சம்பளம் ஒன்றுதான். தலைக்கு இவ்வளவு என்று நேரடியாகக் கணக்கிடுவது கல்வி அமைச்சு தன் பள்ளிகளுக்குக் கொடுக்கும் பெர்கப்பிட்டா மானியம் போன்ற சிலவற்றில்தான். அதில் மாணவர் எண்ணிக்கையை ஒரு விகிதத்தால் பெருக்குவார்கள், விகிதம் பாடத்துக்குப் பாடம் மாறும்.

புத்தம்புது சிஎன்சி இயந்திரம் நிற்கும் நிலையத்தில் வெட்டிப் பழக உலோகத்துண்டு போதாமல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இயந்திரம் ஒரு பெட்டியிலிருந்து வந்தது, உலோகம் வேறு பெட்டியிலிருந்து வர வேண்டும். நிலையத்தைப் பார்க்கப் போகும் நாளில் இயந்திரத்தை மட்டும் காட்டினால், "ஒரு மாணவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இதில் வேலை செய்வார்?" என்று கேளுங்கள்.

பெற்றோருக்கு இதில் நல்ல சேதி உண்டு. இங்கே கட்டணம் மிகக் குறைவு, பல இடங்களில் விடுதியும் சேர்ந்தே கிடைக்கும். ஆகவே இந்த வழியில் பணத்துக்காகப் போராட வேண்டாம், இடத்துக்காகப் போராடுங்கள். யுபி திவெட் இணையத்தளத்தில் பல அமைச்சுகளின் நிலையங்களுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். மனிதவள அமைச்சின் நிலையங்களில் பொதுவாக ஜனவரி, ஜூலை என இரண்டு சேர்க்கை நடக்கும். எஸ்பிஎம் முடிவு வந்தவுடன் நடக்கும் முதல் தள்ளுமுள்ளில் கேட்ட துறை கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் அரசாங்கம் அதே செலவைத்தான் செய்கிறது. அதை நிரப்பும் ஆர்வம் நிலையத்துக்கும் இருக்கும். வகுப்பு தொடங்கும் வாரத்தில் நேரில் போய் விசாரிப்பது பலன் தரும்.

மற்ற நாடுகளில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் 16 முதல் 19 வயது மாணவர்களுக்கு, மாணவர் எண்ணிக்கையைத் தேசிய விகிதத்தால் பெருக்குகிறார்கள். செலவு அதிகமான துறை என்றால் கூட்டுகிறார்கள். பாதியில் விட்டுப்போன மாணவருக்குப் பாதிப் பணம்தான். இந்தியா இன்னும் கறாராக மணிக்கணக்குப் பார்த்தது. 2015இல் வந்த பொது விதிமுறைப்படி, செலவு மிகுந்த முதல் வகைத் தொழில்களுக்கு பயிற்சி பெறும் ஒருவருக்கு மணிக்கு 38 ரூபாய் 50 காசு. 300 மணி நேரப் பயிற்சி என்றால் 11,550 ரூபாய். அதையும் ஒரே தடவையில் தரவில்லை. வகுப்பு தொடங்கியதும் 30 விழுக்காடு, தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியதும் 50 விழுக்காடு, வேலை கிடைத்தது போன்ற பலன் உறுதியான பிறகே கடைசி 20 விழுக்காடு. அந்த விகிதங்கள் பின்னர் உயர்த்தப்பட்டன. இந்த முறையில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் உண்டு. மாணவரைக் கைவிடாமல் கடைசிவரை கொண்டுபோக நிலையம் முயலும். அதே சமயம் வேலை கிடைத்ததாகக் காகிதத்தில் காட்டவும் கை நீளும்.

சம்பளத்தை எண்ணும் லெவி

பினாங்கு முதலாளிகளுக்கு இதுதான் முக்கியமான பகுதி, சற்று நிதானமாகப் படியுங்கள்.

1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று தொழிற்சாலைகள் வந்தன. 1980களில் இயந்திரங்கள் தானியங்கியாக மாறியபோது, ஆள் இருந்தும் திறன் இல்லாத நிலை வந்தது. அரசாங்கம் 1987இல் ஒரு வரிச்சலுகை கொடுத்தது. பயிற்சிக்குச் செலவழித்த தொகையைப் போல் இரு மடங்கை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தின, சிறியவை அந்தப் பக்கமே போகவில்லை. இலாபமே இல்லாத பட்டறைக்கு வரிக்கழிவால் என்ன பயன்? பினாங்குத் தொழிற்சாலைகள் அரசாங்கத்தின் அடுத்த ஏற்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. மாநில அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் சேர்ந்து 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை, இன்று எல்லாரும் பிஎஸ்டிசி என்று அழைப்பதை, உருவாக்கினார்கள். சந்தையில் போட்டி போடும் நிறுவனங்கள் ஒரே வகுப்பறைக்குத் தங்கள் ஆட்களை அனுப்பின. தனித்தனியே வாங்க முடியாத பயிற்சி இயந்திரத்தைச் சேர்ந்து பயன்படுத்தின. என் கணிப்பில் இந்த மாநிலத்தின் திறன் வரலாற்றில் இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு வேறில்லை.

1992இல் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் வந்தது, 1993 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள உற்பத்தி நிறுவனங்கள், ஊழியர் பயிற்சிக்கான ஒரு நிதியத்துக்கு லெவி என்ற கட்டாயக் கட்டணத்தைக் கட்டின. 2001இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 2021 மார்ச் 1 முதல் லெவி ஏறக்குறைய எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. அதே ஆண்டில் நிதியத்தின் பெயரும் எச்ஆர்டி கார்ப் என்று மாறியது. ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் கடை, துணிக்கடை, தாதிமை இல்லம் நடத்துபவர்களுக்கெல்லாம் தபால் வரத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

விதி எளியது. மலேசியக் குடியுரிமை உள்ள ஊழியர் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டாயம் பதிய வேண்டும். மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி. 5 முதல் 9 பேர் வரை இருந்தால் பதிவது விருப்பம், பதிந்தால் 0.5 விழுக்காடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புக்கிட் மின்யாக்கில் ஒரு உலோகப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 பேர், அதில் 4 பேர் வங்காளதேசத்தவர். முதலில் அந்த நால்வரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சியது 11 மலேசியர், ஆகவே கட்டாயப் பதிவு. 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஆபரேட்டர் 6 பேருக்கு 10,200. சிஎன்சி ஓட்டும் மூவருக்கு ஆளுக்கு 2,600 வீதம் 7,800. சூப்பர்வைசருக்கு 3,800, ஆபீஸ் கிராணிக்கு 2,200. கூட்டினால் 24,000 ரிங்கிட். இதோடு மாதாமாதம் மாறாமல் கொடுக்கும் நிலையான படியைச் சேர்க்க வேண்டும். வீட்டுப்படி ஆளுக்கு 100 வீதம் பத்துப் பேருக்குக் கொடுக்கிறார்கள் என்றால் 1,000. ஆக, லெவிக்கான சம்பளம் 25,000. ஒரு விழுக்காடு 250 ரிங்கிட், ஆண்டுக்கு 3,000.

சம்பளச் சிட்டையில் இருக்கும் எல்லா வரிகளும் இதில் சேராது. ஓவர்டைம் சேராது, போனஸ் சேராது. பெருநாள் மாதத்தில் ஓவர்டைம் இரட்டிப்பானாலும் லெவி மாறாது. மொத்தச் சம்பளத்தை அப்படியே எடுத்து 1 விழுக்காடு கட்டும் கிராணிகளும் உண்டு. அது தேவையற்ற செலவு. மாறாக, நிலையான படியைச் சேர்க்காமல் விட்டால் கணக்குச் சோதனையில் குறைவாகக் கட்டியதாகப் பிடிபடும். அந்நியத் தொழிலாளருக்கு ஆண்டுதோறும் கட்டும் லெவி முற்றிலும் வேறு, இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி, நாள் கணக்கில். கட்டாமலே விட்டால் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இந்த லெவியை ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. நீங்கள் ஊழியராக இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் சிட்டையில் எச்ஆர்டி என்று ஒரு கழிவு இருந்தால், அது சட்டத்துக்குப் புறம்பு.

சிங்கப்பூரில் இதே மாதிரி லெவி 1979இலேயே வந்துவிட்டது. அங்கே 0.25 விழுக்காடு, அதுவும் முதல் 4,500 டாலர் வரை. ஓர் ஊழியருக்கு மாதம் அதிகபட்சம் 11 டாலர் 25 காசு. வெளிநாட்டு ஊழியருக்கும் கட்ட வேண்டும். இங்கே விகிதம் நான்கு மடங்கு. ஆனால் கட்டிய தொகை உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே கணக்கில் இருக்கும், நீங்கள் அனுப்பும் பயிற்சிக்கு அதிலிருந்து கோரலாம். சிங்கப்பூரில் எல்லாம் பொதுக்குளத்தில் போய்ச் சேரும்.

அந்த 3,000 ரிங்கிட்டை எப்படித் திரும்பப் பெறுவது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் மானிய விண்ணப்பம், ஒப்புதல், அதன் பிறகே வகுப்பு. வகுப்பை முடித்துவிட்டு ரசீதோடு போனால் ஒரு சென் கிடைக்காது. பயிற்சி நிலையம் எச்ஆர்டி கார்ப்பில் பதிந்ததாக இருக்க வேண்டும், வகுப்பும் கோரக்கூடிய வகுப்பாகப் பதிவாகியிருக்க வேண்டும். கட்டணம், உணவு, பயணப்படி, பயிற்சிக்குச் செலவாகும் பொருள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வரை ஏற்பார்கள் என்று ஓர் அனுமதிக்கப்பட்ட செலவு அட்டவணை இருக்கிறது. அது அவ்வப்போது மாறும். பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள், விண்ணப்பிக்கும் நாளில் இறக்கிப் பாருங்கள். அட்டவணைக்கு மேல் போனது உங்கள் சட்டைப்பையிலிருந்து.

நம் பட்டறைக்கு வருவோம். இரண்டு நாள் வகுப்புக்கு ஆளுக்கு 900 ரிங்கிட் கட்டணம் என்றால், ஓராண்டு லெவியில் மூன்று பேரை அனுப்பலாம், 300 மிஞ்சும். 11 பேரையும் அனுப்ப வேண்டும் என்றால், பக்கத்துப் பட்டறையோடு சேர்ந்து பயிற்றுநரை உங்கள் இடத்துக்கே வரவழைத்துக் குழுவாக நடத்தப் பேசுங்கள். குழுக்கட்டணம் தலைக்குப் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். 1989இல் பெரிய தொழிற்சாலைகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பயன்படுத்தாமல் கிடக்கும் லெவி குறித்த காலத்துக்குப் பிறகு கைவிட்டுப் போகும் என்று சட்டத்தில் விதி இருக்கிறது. ஆகவே ஜனவரியிலேயே ஆண்டுக்கான மூன்று பெயர்களை எழுதி வையுங்கள். டிசம்பரில் அவசரமாகத் தேடினால் விற்காத வகுப்புகள்தான் கிடைக்கும். தன்னம்பிக்கைப் பேச்சுக்கு 11 பேரை அனுப்பி லெவியைக் கரைப்பதைவிட, ஒருவரை லேத் அளவீட்டு வகுப்புக்கு அனுப்புவது மேல் என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

சான்றிதழை எண்ணும் கடன்

தனியார் திறன் பயிற்சி நிலையத்தில் சேரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பிடிபிகே என்ற திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன்தான் வழி. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கழகம் அது. கடன் தொகை பயிற்சியின் துறையையும், எத்தனையாவது நிலை என்பதையும் பொறுத்தது. முதல் மூன்று நிலைகள் எஸ்கேஎம் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. தொகையில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று நிலையத்துக்குப் போகும் கட்டணம், மற்றது மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கான படி.

இது மானியம் அல்ல, கடன். சேர்க்கை முகாம்களில் "இலவசம், அரசாங்கம் கட்டும்" என்று சொல்பவரிடம், "அப்படியானால் கடன் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளை ஆறு மாதத்தில் பயிற்சியை விட்டுவிட்டால் நிலையத்துக்குப் போன பணம் திரும்பி வராது, பிள்ளையின் பெயரில் கடன் மட்டும் நிற்கும். கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே இந்த நிலையத்துக்கு இந்தத் துறையில் இந்த நிலைக்கு அங்கீகாரம் கொடுத்த கடிதத்தின் நகல், கடனில் அடங்காத செலவுகளின் பட்டியல், திருப்பிக் கட்டத் தொடங்கும் மாதம், சென்ற குழுவில் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்ற கணக்கு. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு நிலையம் பாருங்கள். அங்கீகாரம் காலாவதியாகியிருந்தால் சான்றிதழே கேள்விக்குறி.

குளிர்சாதனம், வாகனம், சமையல் போன்ற துறைகளில் தேசிய இரட்டைப் பயிற்சி முறையையும் விசாரியுங்கள். 2005இல் தொடங்கிய இந்த முறையில் 70 முதல் 80 விழுக்காடு நேரம் வேலையிடத்தில், மிச்சம் வகுப்பில். கடன் சுமை குறையும், கையில் எண்ணெய் படியும்.

வேலை இழந்தவருக்கும் அனுபவசாலிக்கும்

தொழிற்சாலை மூடி வேலை போனவர்கள், சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியை மறந்துவிடுகிறார்கள். மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 0.2 விழுக்காடு என்று அதற்குப் போயிருக்கிறது. 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு அது 3 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். 2024 அக்டோபர் முதல் சம்பள உச்சவரம்பு 6,000 ரிங்கிட். இந்தப் பணத்திலிருந்து வேலை தேடும் காலத்துக்கான படி மட்டுமல்ல, பயிற்சிக் கட்டணமும் பயிற்சிப் படியும் கிடைக்கும். வேலை போனதும் பதியுங்கள், சேமிப்பு கரைந்த பிறகல்ல.

இருபது வருடமாகக் கார் பட்டறையில் வேலை செய்தும் கையில் ஒரு தாளும் இல்லாத அப்பாமார்களுக்கு வகுப்பே தேவையில்லை. முன்அனுபவ அங்கீகாரம் என்ற முறையில், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டி எஸ்கேஎம் வாங்கலாம். முதலாளி லெவி கட்டுபவராக இருந்தால் அந்தச் செலவையே லெவியிலிருந்து கோரவும் வழி உண்டு. இங்கே எண்ணப்படுவது வருடமல்ல, ஆதாரம். எஞ்சினைப் பிரித்த படம், வேலை அட்டை, சம்பளச் சிட்டை, எந்த வருடத்திலிருந்து எந்த வேலை செய்தார் என்று முதலாளி எழுதிய கடிதம் எல்லாம் வேண்டும். கடிதத்தை இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். பட்டறை மூடி, முதலாளி மகனோடு கோலாலம்பூருக்குக் குடிபோன பிறகு அதை எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்காது.